வார இறுதி மட்டுமே ஓய்வுள்ளவர் தன்னார்வப் பணியில் இணைய முடியுமா?

சென்னையில் மென்பொருள் துறையில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் மட்டும் சமூகப் பணி செய்ய இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இயலும். 2006-இல் இந்நகரில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய ‘பூமி’ அமைப்பின் தொண்டர்கள், வார இறுதிகளில் குழந்தைகள் இல்லங்களுக்குச் சென்று பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். 2007-இல் தொடங்கப்பட்ட ‘என்விரான்மென்டலிஸ்ட் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா’ ஏரி குளங்களை மீட்கும் பணியில் தொண்டர்களை ஈடுபடுத்துகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மட்டும் சற்று நிதானம் தேவை. ஏரிக்கரையில் குப்பை அகற்றும் பணிக்கு ஒரு ஞாயிறு நீங்கள் வராவிட்டால் வேறொருவர் அந்த இடத்தை நிரப்பிவிடுவார். ஆனால், ஏற்கெனவே பலரைப் பிரிந்து இல்லத்தில் வளரும் ஒரு குழந்தை, உங்களை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு மாதத்தில் நீங்கள் நின்றுபோவது அதன் மனத்தை உண்மையிலேயே காயப்படுத்தும். ஆகவே, ஓராண்டு தொடர்ந்து வர முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் கற்பித்தலை ஏற்றுக்கொள்ளுங்கள். பணிநேரம் அடிக்கடி மாறுபவராக இருந்தால் நீர்நிலைப் பணியே பொருந்தும்.

உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறையிடமும் விசாரியுங்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது; அவ்வாறு நிதி பெறும் உள்ளூர் அமைப்புகளின் அறிமுகம் அங்கேயே கிடைக்கக்கூடும்.