புழுவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்: “இவ்வளவு மார்க் வாங்கின பெண், மண்ணில் கிடக்கிற புழுவைப் போய் ஏன் படிக்கணும்?” அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அதனால் வேலை விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் புழுவைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

உங்கள் மகள் சொல்வது மண்புழுவை அல்ல, நூற்புழுவை. மண்ணில் வாழும் பெரும்பாலான நூற்புழுக்கள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, உலகெங்கும் எடுத்த 6,759 மண் மாதிரிகளை வைத்து, மேல்மண்ணில் மட்டும் எத்தனை நூற்புழு இருக்கும் என்று கணக்குப் போட்டது. 44 எழுதி, பின்னால் 19 சைபர் போட்டுக்கொள்ளுங்கள். அதில் பாக்டீரியா தின்பது உண்டு, பூஞ்சை தின்பது உண்டு, வேரை உறிஞ்சுவது உண்டு, மற்ற நூற்புழுவையே விழுங்குவதும் உண்டு. யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே மண்ணின் நிலை தெரிந்துவிடும். வேகமாகப் பெருகும் பாக்டீரியா தின்னிகள் கூடியிருந்தால், அண்மையில் ஏதோ மட்கிச் சத்து ஏறியிருக்கிறது. மெதுவாக வளரும் பெரிய வகைகள் நிலைத்திருந்தால், அந்த மண்ணை வெகுநாளாக யாரும் அதிகம் கலைக்கவில்லை. இதை எண்ணாக்கிக் காட்டும் முதிர்ச்சிக் குறியீட்டை 1990-இல் நெதர்லாந்து நூற்புழு ஆய்வாளர் டாம் பாங்கர்ஸ் கொண்டுவந்தார். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அடையாளம் காண்பதில். வாயின் அமைப்பு, வால், உள்ளுறுப்பு எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். இளம்புழுக்களோ ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். கைதேர்ந்தவருக்கே ஒரு மாதிரியை முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அப்படிப்பட்டவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இங்கேதான் மூலக்கூறு முறை வருகிறது: மொத்தப் புழுக்களிலிருந்தும் டிஎன்ஏவைப் பிரித்து, 18எஸ் எனும் ரைபோசோம் மரபணுத் துண்டை பிசிஆரில் (டிஎன்ஏவை நகல் நகலாகப் பெருக்கும் முறை) பெருக்கி, வரிசைப்படுத்தி, அதாவது அதன் எழுத்துகளை வரிசையாகப் படித்து, தெரிந்த இனங்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது. நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம்.

அப்படியானால் இயந்திரமே போதுமே, உங்கள் பெண் எதற்கு? நியாயமான கேள்வி. இயந்திரம் தருவது டிஎன்ஏ எண்ணிக்கை, புழு எண்ணிக்கை அல்ல. பத்துப் பொடிப்புழுவைவிட ஒரு பெரிய புழு அதிக டிஎன்ஏ தரலாம். அந்த மரபணு எத்தனை நகல் இருக்கிறது என்பதும் இனத்துக்கு இனம் மாறும். தரவுத்தளத்தில் இல்லாத இனம் வந்தால் பெயர் கிடைக்காது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெயர் ஒட்டிக்கொள்ளும். செத்த புழுவின் டிஎன்ஏவும் மண்ணில் சிலகாலம் கிடக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்ல, புழுவையும் பார்த்திருக்க வேண்டும், கணினித் தரவையும் அலசத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருவரிடமே இருப்பது அரிது. அவளுடைய பிழைப்பு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இப்போது வேலை. ‘நூற்புழு நிபுணர்’ என்று பெயர்போட்ட பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆராய்ச்சிதான் வழி என்றால் முனைவர் பட்டம் தேவை. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணியில் ஓடும். நிரந்தர வேலை தாமதமாகத்தான் வரும். வீட்டில் உடனடி வருமானம் தேவை என்றால் இதை இப்போதே பேசிவிடுங்கள். மறுபக்கம், வெளியிலிருந்து வரும் செடி, விதைகளில் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் தாவரத் தனிமைப்படுத்தல் ஆய்வகங்களில் வேர்முடிச்சு நூற்புழுவையும் உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழுவையும் பிசிஆர் வைத்துச் சோதிக்கிறார்கள். விதை நிறுவனங்கள் நூற்புழுவைத் தாங்கும் ரகங்களைத் தேடுகின்றன. பூச்சியைக் கொல்லும் ஸ்டைனர்நெமா என்ற நூற்புழு வகைகளை வளர்த்து விற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. இவை எதுவும் அமையாவிட்டாலும், ‘ஆர்’ என்ற புள்ளியியல் கணினி மொழியில் டிஎன்ஏ வரிசைத் தரவை அலசத் தெரிந்தவருக்கு மருத்துவ, உணவு, நீர் ஆய்வகங்களில் இடம் உண்டு. அதனால் புழுவோடு புள்ளியியலையும் அவள் விடாமல் படிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் பிடிவாதம் பிடிக்கலாம்.

சேர்வதற்கு முன் ஒரு பரீட்சை வையுங்கள். ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டு நாள் உட்காரட்டும். மெல்லிய தாளில் மண்ணைப் பொதிந்து, தண்ணீர் நிரப்பிய புனலில் தண்ணீரைத் தொடும்படி வைப்பார்கள். மறுநாள் புனலின் அடியில் மாட்டிய ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினால், கீழே இறங்கிச் சேர்ந்த புழுக்கள் தண்ணீரோடு வரும். பிறகு குச்சி நுனியில் ஒட்டிய ஓர் இமை முடியால் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். முப்பதாவது புழுவுக்கும் அவள் முகம் மலர்ந்தே இருந்தால் சேர்த்துவிடுங்கள். கழுத்து வலிக்கிறது என்று போனைத் தேடினால் வேறு துறை பார்ப்போம், தப்பில்லை.

வழிகாட்டி ஆசிரியரிடம் அவளே கேட்க வேண்டியது மூன்று. வரிசைப்படுத்தும் செலவு திட்ட நிதியில் இருக்கிறதா? தரவை அலசச் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா? மாதிரிகளை எதில் பாதுகாக்கிறார்கள்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். என்னிடம் வந்த ஒரு மாணவர் இரண்டு ஆண்டு சேர்த்த புழுக்களை எல்லாம் ஃபார்மலினில் போட்டு வைத்திருந்தார். உருவம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. டிஎன்ஏ மட்டும் உருப்படியாகக் கிடைக்கவில்லை.