மோட் போட்டு ஆட எந்தப் பிரதியை வாங்குவது?

கேள்வி: நியான் விளக்கு நகரம், பழைய பாணி பிக்சல் படம், தாவித் தாவி வெட்டிக்கொண்டு போகிற சைபர்பங்க் விளையாட்டு. 'கட்டானா ஜீரோ' மாதிரி ஒன்று வாங்க ஆசை. நண்பன் கம்ப்யூட்டரில் மோட் (ரசிகர்கள் விளையாட்டில் செய்து தரும் மாற்றம்) போட்டுப் புதுப்புது நிலைகளாக ஆடுகிறான். என்னிடம் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் இருக்கிறது, சுமாரான லேப்டாப்பும் இருக்கிறது. எதற்கு வாங்கலாம்? மோட் சேர்த்தே பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா? மோட் ஓடாவிட்டால் பணம் திரும்புமா?

பதில்: மோட் வேண்டுமென்றால் லேப்டாப்புக்குத்தான் வாங்குங்கள். ஸ்விட்சில் விளையாட்டின் கோப்புகளைத் தொடவே வழியில்லை. பூட்டை உடைத்துப் பார்த்தால் ஆன்லைன் சேவையே பறிபோகலாம். இந்த வகை 2டி விளையாட்டுகள் பெரும்பாலும் சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதி விலைக்காரரை விட்டுவிடுங்கள். ஒழுங்காக மோட் செய்கிறவர்கள் மாற்றங்களை மட்டும் ஒரு சின்ன பேட்ச் கோப்பாகத் தருவார்கள், மூல விளையாட்டு உங்களிடம் இருக்க வேண்டும். முழு விளையாட்டையும் சேர்த்துத் தருகிறார் என்றால் அது திருட்டுப் பிரதி. கூடவே வைரஸ் வந்தாலும் கேட்க ஆளில்லை.

இனி பணம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தருவார்கள், காரணம் எதுவானாலும் சரி. ஆனால் விளையாட்டைத் திறந்து மெனுவில் சும்மா நின்றாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும். மோட் ஏன் ஓடவில்லை என்று திரும்பத் திரும்பத் திறந்து மூடினாலே 2 மணி நேரம் கரைந்துவிடலாம். அதனால் முதல் ஒரு மணி நேரம் மோட் இல்லாமல் ஆடுங்கள். ஒரே அடியில் சாகிற விளையாட்டில் பொத்தானை அழுத்திய கணமே வாள் வீச வேண்டும். உங்கள் லேப்டாப்பில் அது தாமதித்தால் அப்போதே திருப்பிவிடுங்கள். ஜிஓஜி என்ற இன்னொரு ஆன்லைன் கடையில் இந்த நெருக்கடி இல்லை, ஆடியிருந்தாலும் 30 நாள் அவகாசம் உண்டு.

மோட் பிரியர்களுக்கு நான் ஜிஓஜியைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பேட்ச் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்குத்தான் பொருந்தும். ஸ்டீம் தானாக அப்டேட் செய்துவிட்டால் நேற்று ஓடிய மோட் இன்று ஓடாது. ஜிஓஜியில் இன்ஸ்டாலரை இறக்கித் தனியாக வைத்துக்கொள்ளலாம். மோட் எந்தப் பதிப்புக்கு என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

அப்புறம், கேம்மேக்கர் என்ற மென்பொருளில் செய்த விளையாட்டு என்றால் அதன் ஃபோல்டரில் 'டேட்டா.வின்' என்று ஒரு கோப்பு இருக்கும். மோட் பெரும்பாலும் கை வைப்பது அதில்தான். முதலில் அதையும், நீங்கள் ஆடிய இடத்தைச் சேமித்து வைக்கும் சேவ் கோப்பையும் நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். மறந்துவிட்டால் ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி மூலக் கோப்பை மீட்டுத் தரும், ஆனால் கெட்டுப்போன சேவ் அதில் திரும்பாது.