சின்சினாட்டியில் பஸ் எப்போது வரும்? கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் சின்சினாட்டிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்தவர்கள் இந்த வாரம் அனுப்பிய கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். பஸ்களுக்குக் கால அட்டவணை போடுவது என் தொழில். ஆனால் அது வேறு ஊர்களுக்கு; இங்கே நான் வெறும் பயணிதான். பதினோரு வருடமாக ரெடிங் ரோட்டில் 43ஆம் நம்பர் பஸ்ஸுக்காக நின்று பழகியவள். அந்த அனுபவமும் பதிலில் கலந்துதான் வரும்.

கேள்வி (புதிதாக வந்தவர்): அக்கா, இந்த ஊருக்கு அடியில் ஒரு சப்வே சுரங்கம் சும்மா கிடக்கிறதாமே, நிஜமா? அதில் ரயில் விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

நிஜம்தான். பத்துப் பேர் கேட்டால் ஒன்பது பேர் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். ஊர் நடுவே மயாமி-ஈரி கால்வாய் என்று ஒன்று சாக்கடையாகிக் கிடந்தது. அதைத் தூர்த்து, அந்தப் பள்ளத்திலேயே ரயில் விடலாம் என்று 1916ல் வாக்காளர்கள் 60 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். போர் வந்தது, விலைவாசி ஏறியது. 1920ல்தான் வேலை தொடங்கியது, 1927க்குள் பணம் காலி. 16 மைல் சுற்றுப்பாதை என்று திட்டம். தோண்டி முடித்த சுரங்கமோ சுமார் 2 மைல். தண்டவாளம் போடவே இல்லை. அதன் மேல்தான் இன்றைய சென்ட்ரல் பார்க்வே சாலை இருக்கிறது. ஒரு ரயில்கூட ஓடாத அந்தச் சுரங்கத்துக்கான கடனை ஊர் 1966 வரை அடைத்தது.

இப்போது உள்ளே ஒரு பெரிய குடிநீர்க் குழாயும் ஃபைபர் கேபிள்களும் போகின்றன. ஐ-75 நெடுஞ்சாலையில் வெஸ்டர்ன் ஹில்ஸ் மேம்பாலம் பக்கம் போகும்போது ஓரத்தில் பாருங்கள், அடைத்து வைத்த சுரங்க வாய்கள் தெரியும். பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். நூறு வருடத்துக்கு முன் மக்கள் போக நினைத்த இடங்களுக்காகப் போட்ட பாதை அது. இன்றைக்கு வேலை இருக்கிற இடம் வேறு, வீடு இருக்கிற இடம் வேறு. சுரங்கத்தைப் பற்றிப் பேசுவது சுவாரசியம், ஒத்துக்கொள்கிறேன். பேசிப் பேசியே பஸ்ஸைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போய்விடுகிறது, அதுதான் என் ஆதங்கம்.

கேள்வி (மேசன் என்ற புறநகரில் வசிப்பவர்): நாங்கள் மேசனில் வீடு வாங்கியிருக்கிறோம். அம்மா, அப்பா ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். அவர்களால் கார் ஓட்ட முடியாது. கடைக்குக்கூட எங்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இவ்வளவு வரி கட்டுகிறோம், ஏன் பஸ் இல்லை?

வரி கட்டுகிறீர்கள், ஆனால் இந்த பஸ்ஸுக்கான வரியைக் கட்டவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

ஊரின் பஸ் நிறுவனம் மெட்ரோ. அதற்குப் பணம் தருவது ஊர் இருக்கும் ஹாமில்டன் கவுண்டி; கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. 2020ல் அந்த கவுண்டியில் வாக்கெடுப்பு நடந்தது, தபால் ஓட்டாக, கொரோனா உச்சத்தில். விற்பனை வரியை 0.8 சதவீதம் ஏற்றலாமா என்று கேட்டார்கள், நூலிழையில் ஜெயித்தது. நூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் 80 சென்ட். அதில் நாலில் மூன்று பங்கு பஸ்ஸுக்கு, ஒரு பங்கு சாலைக்கும் பாலத்துக்கும். மேசன் இருப்பதோ வாரன் கவுண்டியில். வரி எல்லை எங்கே முடிகிறதோ, அடிக்கடி பஸ் ஓடுகிற இடமும் அங்கேயே முடிகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் கென்டக்கி மாநிலம். அங்கே டேங்க் என்று தனி பஸ் நிறுவனம், தனி அட்டவணை. சின்சினாட்டி விமான நிலையமே கென்டக்கியில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆக ஒரே ஊர்ப் பரப்பு, மூன்று மாநில எல்லைகள் கூடும் இடம், ஆளுக்கொரு கல்லாப்பெட்டி.

உங்கள் அம்மா அப்பாவுக்கு பஸ்ஸை விட முதலில் வேண்டியது நடைபாதை. மேசன் பக்கம் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் மளிகைக்கடைப் பலகை கண்ணில் படுகிறது. நடக்கலாம் என்று கிளம்பினோம். காலனிக்குள் அழகான நடைபாதை. பெரிய சாலையைத் தொட்டதும் அது புல்லில் போய் முடிகிறது. ஆறு தடச் சாலையைக் கடக்கும் பொத்தானை அமுக்கி நின்றோம். விளக்கு மாறி, அவளுடைய மாமியார் பாதி தாண்டுவதற்குள் கை காட்டும் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு அவர் நடந்து எங்கும் போனதில்லை.

நடைபாதை நகராட்சி விஷயம். நகர மன்றக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் சில நிமிடம் பேசலாம். நம் ஆட்கள் யாரும் போவதில்லை.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர்): மெட்ரோ முன்பைவிடப் பரவாயில்லை என்கிறார்கள். அப்படி என்ன மாறியது?

2020 வரிப் பணம் வந்தபின் ஏழு வழித்தடங்களில் 24 மணி நேர சேவை கொடுத்தார்கள். அதில் 43ம் ஒன்று, ஹாமில்டன் அவென்யூவில் ஓடும் 17ம் ஒன்று. கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். மருத்துவமனையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களோடு ஒருநாள் அதிகாலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். முன்பெல்லாம் அவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கு வாடகைக் காருக்கே போனது.

அடிக்கடி பஸ் விடுவது ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், என் தொழில் இது. ஒரு தடத்தில் போக 50 நிமிடம், கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் மூச்சு விட 10 நிமிடம், திரும்பி வர அதே கணக்கு என்று வையுங்கள். மொத்தம் 120 நிமிடம். அரை மணிக்கு ஒரு பஸ் என்றால் 4 பஸ் வேண்டும். கால் மணிக்கு ஒன்று என்றால் 8. பஸ் மட்டுமில்லை, ஓட்டுநரும் இரட்டிப்பு. அதே பாதையில் நெரிசல் கூடி 120 நிமிடம் 135 ஆனால், ஒரு புது பஸ்ஸையும் ஓட்டுநரையும் சேர்த்துத்தான் அதே கால் மணி இடைவெளியைக் காப்பாற்ற முடியும். பயணிக்கு ஒரு நன்மையும் கூடாமல் செலவு மட்டும் கூடும். சிக்னலில் பஸ்ஸுக்கு முன்னுரிமை, தனித்தடம் என்று நாங்கள் சதா நச்சரிப்பது இதனால்தான்.

ரெடிங் ரோடும் ஹாமில்டன் அவென்யூவும் இப்போது அதிவேக பஸ் தடங்களுக்காகத் தேர்வாகியிருக்கின்றன. மெட்ரோ ரேபிட் என்று பெயர். பெயரில் ரேபிட் இருந்தால் போதாது. சாலையில் கார் நிறுத்தும் வரிசையை எடுத்து பஸ்ஸுக்குக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கடைக்காரர்கள் கூச்சல் போட்டதும் விட்டுக்கொடுத்தார்களானால், பளபளக்கும் நிறுத்தமும் பழைய வேகமும்தான் மிஞ்சும்.

கேள்வி (டௌன்டவுனில் வேலை செய்பவர்): தெருவில் ஓடும் டிராம், அதுதான் ஸ்ட்ரீட்கார், அதன் பாதை ஏன் இவ்வளவு குட்டியாக இருக்கிறது? வட்டமடித்துக்கொண்டே இருக்கிறதே.

வம்பில் பிறந்த பிள்ளை அது. 2009ல் ஒருமுறை, 2011ல் ஒருமுறை, அதைத் தடுக்கவே வாக்கெடுப்பு. இரண்டிலும் தடுக்க நினைத்தவர்கள் தோற்றார்கள். 2011ல் மாநில அரசு சுமார் 5.2 கோடி டாலர் உதவியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதனால்தான் மேட்டில் இருக்கும் பல்கலைக்கழகப் பகுதிக்குப் போகவேண்டிய பாதை கீழேயே நின்றுவிட்டது. 2013ல் ஜான் கிரான்லி மேயரானார். தண்டவாளம் பதித்துக்கொண்டிருந்த வேலையை நிறுத்தி வைத்தார்கள். ஹெய்ல் அறக்கட்டளை இயக்கச் செலவுக்குப் பொறுப்பேற்க முன்வந்ததும், டிசம்பரில் நகர மன்றம் 6க்கு 3 என்று வாக்களித்து மறுபடி தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது: 3.6 மைல் வட்டம், 18 நிறுத்தம், 5 வண்டி.

2020லிருந்து கட்டணம் இல்லை. பயணிகள் எண்ணிக்கை 2023ல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அது கார்களோடு கார்களாகத்தான் ஊர்கிறது. யாராவது டெலிவரி வேனைத் தண்டவாளத்தில் நிறுத்திவிட்டுக் காபி வாங்கப் போனால், பஸ் என்றால் ஒதுங்கிப் போகும். இது மணியடித்துக்கொண்டு நிற்கும். நான் உள்ளே உட்கார்ந்து பன்னிரண்டு நிமிடம் மணியோசை கேட்டிருக்கிறேன். ஃபிண்ட்லே மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போக அருமையான வண்டி. வேலைக்குப் போவதென்றால், கையில் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் பஸ்ஸையும் இலவசமாக்கலாமே? வர்ஜீனியாவில் ரிச்மண்ட் 2020லிருந்து அப்படித்தானே?

ஆமாம், அங்கே நன்றாகவே போகிறது. கையில் இருக்கும் பணம் ஒன்றுதான் என்றால் நான் அதை முதலில் இடைவெளியைக் குறைக்கச் செலவிடுவேன். ஒரு மணிக்கு ஒருமுறை வரும் இலவச பஸ், வேலைக்கு நேரத்துக்குப் போகவேண்டியவருக்கு உதவாது. இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு, அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

கேள்வி (வரலாறு பிடித்தவர்): டௌன்டவுனுக்கு மேற்கே ஐ-75ஐ ஒட்டி ஒரே கிடங்குகளாக இருக்கிறதே. குடியிருப்பே இல்லையா?

இருந்தது. கென்யன்-பார் என்று பெயர், வெஸ்ட் எண்டின் ஒரு பகுதி. 1950களின் கடைசியில் 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் இடிக்கத் தொடங்கினார்கள். 25 ஆயிரத்துக்கும் மேலானோர் வெளியேற்றப்பட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே கறுப்பினத்தவர். கடைகள், தேவாலயங்கள், மாடிப்படி வைத்த செங்கல் வீடுகள், எல்லாம் போய் குவீன்ஸ்கேட் என்ற தொழிற்பேட்டை வந்தது. பக்கத்திலேயே நெடுஞ்சாலை. இடிப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டடத்தையும் நகராட்சியே படமெடுத்து வைத்தது. அந்தப் படங்கள் சிலவற்றில் எண் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார், பின்னால் சன்னலிலிருந்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

1950ல் நகருக்குள் 5 லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். 2010ல் 2 லட்சத்து 97 ஆயிரம். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, வெளியே போனவர்கள் திரும்பி வந்து வேலை பார்க்கச் சாலை போட்டுவிட்டு, இப்போது பஸ்ஸில் கூட்டமில்லை என்கிறோம். 2020 கணக்கெடுப்பில் 3 லட்சத்து 9 ஆயிரமாக ஏறியிருக்கிறது. 2024 ஜூனில் நகர மன்றம் கட்டட விதிகளையும் தளர்த்தியது. முக்கிய பஸ் தடங்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் அருகே இரண்டு, மூன்று, நான்கு வீடுள்ள கட்டடங்கள் கட்டலாம். இத்தனை கார் நிறுத்தம் கட்டாயம் என்ற விதியும் குறைந்தது. என்னைக் கேட்டால் இந்த ஊர் சமீபத்தில் செய்த உருப்படியான காரியம் அதுதான், ஸ்ட்ரீட்காரைவிட.

கேள்வி (வரலாறு பிடித்தவர்): ரயில்பாதையை விற்று 160 கோடி டாலர் வந்ததே, அதை வைத்து நகருக்குள் லைட் ரயில் விடலாமா?

முடியாது. சின்சினாட்டியிலிருந்து டென்னசியின் சாட்டனூகா வரை போகும் சரக்குப் பாதை ஊருக்கே சொந்தமாக இருந்தது. 2023 நவம்பரில் அதை நார்ஃபோக் சதர்ன் என்ற ரயில் நிறுவனத்துக்கு விற்க மக்கள் வாக்களித்தார்கள். ஆனால் அந்தப் பணத்தின் வருமானம் ஏற்கெனவே இருக்கும் கட்டமைப்புகளைப் பராமரிக்க மட்டும்தான் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். லைட் ரயிலுக்கு 2002ல் தனியாக வரி கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எதிர்த்துத்தான் விழுந்தது. ஒஹையோவில் பெட்ரோல் வரியைச் சாலைக்கு மட்டுமே செலவிடவேண்டும் என்று மாநில அரசியல் சாசனத்திலேயே இருப்பதால் அந்தப் பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது.

கேள்வி (புதிதாக வந்தவர்): சிகாகோவுக்கு ரயில் உண்டா?

உண்டு, வாரத்துக்கு மூன்று நாள், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில். ரயில் நிற்கும் யூனியன் டெர்மினல் கட்டடத்தைப் பார்க்கப் பகலில் போங்கள்.

கேள்வி (அதே புதியவர்): சரி அக்கா, திங்கட்கிழமை முதல்முறையாக பஸ்ஸில் வேலைக்குப் போகப்போகிறேன். ஏதாவது சொல்லுங்கள்.

டௌன்டவுனில் பெரும்பாலான பஸ்கள் கவர்ன்மென்ட் ஸ்கொயரில் கூடும், மாறுவதென்றால் அங்கே. இறங்கவேண்டிய இடம் வருமுன் சன்னலோரக் கயிற்றை இழுங்கள். நம்மூர் மாதிரி எழுந்து நின்று குரல் கொடுக்க வேண்டாம். சைக்கிள் இருந்தால் பஸ்ஸின் மூக்கில் மாட்டலாம். இறங்கும்போது ஓட்டுநருக்கு எல்லோரும் நன்றி சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள்.

முக்கியமாக, தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இங்கே வண்டி வலது பக்கம் போகும். முதல் வாரம் நான் ஊர்ப் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் நின்று, என் பஸ் கண்ணெதிரே தெருவுக்கு அந்தப் பக்கமாகப் போவதை இரண்டு நாள் வேடிக்கை பார்த்தேன். மூன்றாம் நாள் ஓட்டுநரே ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார்.