முதலாமாண்டு வகுப்பை இருவர் சேர்ந்து நடத்துவது எப்படி? ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பொறியியல் கல்லூரிகளில் முதலாமாண்டு அறிமுகப் பயிற்சியையும், அதன் பின் பருவம் முழுவதும் தொடரும் வழிகாட்டி வகுப்பையும் இருவர் இருவராக நடத்தவிருக்கும் ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருப்பதால் சிலருக்குச் சுருக்கமாகவே எழுத முடிந்தது.

கேள்வி (மதுரை, இயற்பியல் துறை): மேடம், பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்களுக்கு இந்த வகுப்புக்கென்று தனிப்பயிற்சி எதற்கு?

பதில்: பாடம் நடத்திய அனுபவம் இந்த வகுப்புக்குப் பாதி உதவும், மறுபாதியில் அதுவே தடையாகிவிடும். 1970 மே மாதம் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. அப்போது பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த தாமஸ் ஜோன்ஸ், மாணவர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நம்பிக்கை அற்றுப்போனதே அதற்குக் காரணம் என்று கருதினார். அந்தக் கருத்திலிருந்து 1972இல் பிறந்ததுதான் 'யுனிவர்சிட்டி 101' என்னும் முதலாமாண்டுப் படிப்பு. மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கியதோடு நில்லாமல், அதை நடத்தும் ஆசிரியர்களுக்கான பயிற்சியையும் அவர்கள் தொடக்கத்திலிருந்தே அதன் பகுதியாக வைத்தார்கள். மாணவர் பேசுவதற்கென்றே ஏற்பட்ட வகுப்பில் ஆசிரியர் ஐம்பது நிமிடமும் தாமே பேசித் தீர்த்துவிடும் பழக்கம், சொன்னதும் மாறிவிடுவதில்லை. சக ஆசிரியர்கள் முன்னிலையில் நடத்திப் பார்த்துத்தான் மாறும். நம் நாட்டில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2017இல் வகுத்த மூன்று வார அறிமுகப் பயிற்சியும், ஏறத்தாழ இருபது மாணவருக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்னும் சிறு குழுவைத்தான் அடித்தளமாகக் கொண்டது. அந்தக் குழுக்களை அரங்கில் ஒன்றாக அமர்த்திச் சொற்பொழிவு நடத்தினால் திட்டம் பெயரளவில்தான் நிற்கும்.

கேள்வி (கோவை, கணிதத் துறை): ஒரு வாரம் நான், மறுவாரம் என் இணை ஆசிரியர் என்று பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அதற்குப் பெயர் முறை வைத்துக்கொள்வது. சேர்ந்து கற்பிப்பது அன்று. லின் குக், மெரிலின் பிரெண்ட் ஆகிய அமெரிக்கக் கல்வியாளர்கள் இருவரும் சிறப்புக் கல்வி வகுப்புகளை முன்வைத்து 1995இல் இணைந்து கற்பிக்கும் வழிகளை வகைப்படுத்தினார்கள். ஒருவர் நடத்த மற்றவர் உதவுவது, வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரே பாடத்தை இருவரும் நடத்துவது, இருவரும் மாறி மாறி உரையாடி நடத்துவது என அவற்றில் எதை எடுத்தாலும், இருவரும் ஒரே நேரத்தில் அறையில் இருப்பார்கள்.

பயன் என்னவென்று ஒரு வகுப்பை வைத்தே சொல்கிறேன். தலைப்பு மதிப்பெண் முறை. முதல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார்: ஒரு கருத்தியல் (தியரி) தாளில் ஒரு மாணவிக்கு அகமதிப்பீட்டில் 40க்கு 28, பல்கலைக்கழகத் தேர்வில் 100க்கு 40, அதாவது 60க்கு 24, கூட்டினால் 52. இவர் தேர்ச்சியா? பிளஸ் டூவில் 35 எடுத்தால் தேர்ச்சி என்று பழகி வந்தவர்கள் பெரும்பாலோர் தேர்ச்சி என்றே கை தூக்குவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி மொத்தத்தில் 50 எடுத்தால் மட்டும் போதாது, பல்கலைக்கழகத் தேர்வில் தனியாக 45 விழுக்காடும் எடுக்க வேண்டும் என்பதால், அந்த மாணவிக்கு அரியர். (தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் விதியைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளவும்.) இது நடக்கும்போது இரண்டாம் ஆசிரியர் பெஞ்சுகளுக்கு இடையே நடந்து, யார் கணக்குப் போடுகிறார்கள், யார் பக்கத்தில் பார்த்துக் கை தூக்குகிறார்கள், யார் பேனாவையே திறக்கவில்லை என்று கவனிக்கிறார். பலகையருகே நிற்பவருக்கு அது கண்ணில் படாது. வகுப்பு முடிந்ததும் இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசி, பேனா திறக்காத அந்த மூவரிடம் யார் பேசுவது என்று முடிவு செய்தால்தான் வந்த வேலை முடிந்ததாகப் பொருள்.

கேள்வி (சேலம்): இருவரும் ஒரே துறையினராக இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். வெவ்வேறு துறை என்றால் இன்னும் நல்லது.

கேள்வி (ஈரோடு): பாடத்தலைப்புகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் என்ன?

பதில்: கோவைக்கு எழுதிய பதிலைப் படிக்கவும்.

கேள்வி (திருச்சி, ஆங்கிலத் துறை): என் இணை ஆசிரியர் வகுப்பில் தமிழில் விளக்குகிறார். கல்லூரிக்கு வந்த பிறகும் தமிழ் என்றால் மாணவர்கள் எப்போது ஆங்கிலம் பழகுவார்கள்?

பதில்: உங்கள் கவலை நியாயமானது, தீர்வில்தான் நான் வேறுபடுகிறேன். ஆங்கிலம் பழகுவதற்கு ஆங்கில வகுப்பு இருக்கிறது. இந்த வகுப்பு, தனக்கு என்ன புரியவில்லை என்பதை மாணவர் வாய்விட்டுச் சொல்வதற்காக ஏற்பட்டது.

திருச்சி ஆசிரியர் மீண்டும்: வேலைக்கான நேர்காணலில் யாரும் தமிழில் கேட்கப்போவதில்லையே?

விழுப்புரத்திலிருந்து மற்றோர் ஆசிரியர்: நான் தமிழ்வழியில் படித்தவன். முதல் பருவத்தில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. திருச்சி மேடம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

பதில்: இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. அவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். விடை தெரிந்திருந்தும் வாக்கியம் அமையாததால் எழுந்திருக்கத் தயங்குபவர்கள். அவர்களின் மௌனத்தை, பாடம் புரிந்துவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு நாம் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். நேர்காணல் நான்காம் ஆண்டில் வருகிறது; படிப்பை விட்டுவிடலாமா என்ற எண்ணமோ முதல் பருவத்திலேயே வந்துவிடுகிறது. இணைந்து கற்பிப்பதில் இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஒருவர் ஆங்கிலத்தில் நடத்தட்டும். மற்றவர் கேள்விகளைத் தமிழில் வாங்கி, அதே கேள்வியை எளிய ஆங்கிலத்தில் பலகையில் எழுதட்டும். சில வாரங்களில் அந்த வாக்கியங்களை மாணவர்களே எடுத்தாளத் தொடங்குவார்கள். ஆனால் இதை இரு ஆசிரியர்களும் முன்கூட்டியே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். மாணவர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் திருத்துவது இருவர் மீதுள்ள மதிப்பையும் கெடுக்கும். திருச்சி மேடம், முதல் மாதம் மட்டும் இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): என் இணை ஆசிரியர் எங்கள் துறைத்தலைவர். அவர் இருக்கும்போது நான் வாய் திறக்க முடிவதில்லை.

பதில்: இது பலருக்கும் உள்ள தர்மசங்கடம். பணிவு வேறு, ஒதுங்கி நிற்பது வேறு. வகுப்புக்கு முந்தைய நாள் ஒரே தாளில் நிமிட வாரியாகத் திட்டம் எழுதி, "சார், இந்தப் பதினைந்து நிமிடத்தை நான் நடத்தலாமா, பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேளுங்கள். பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தால் மூத்தவர்கள் பெரும்பாலும் இடம் விடுவார்கள். பயிற்சி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இணைகளை அமைக்கும்போது துறைத்தலைவரை அவருக்குக் கீழே பணிபுரிபவருடன் சேர்க்காதீர்கள்.

கேள்வி (வேலூர்): மூன்றாமாண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: சேர்க்கலாம், தென் கரோலினாவிலும் ஆசிரியரோடு மூத்த மாணவர் ஒருவர் வகுப்பில் இருப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் ஆசிரியர் இல்லாத அறையில் மூத்த மாணவரிடம் முதலாமாண்டினரை ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் ராகிங்கைத் தடைசெய்து சட்டம் இயற்றிய மாநிலம் இது. வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் மூத்த மாணவர் கையில் கொடுக்கக் கூடாது.

கேள்வி (கடலூர்): தயாராக உள்ள பி.பி.டி. அனுப்ப முடியுமா?

பதில்: அனுப்புவதில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தயாரிப்பதே பயிற்சியில் பாதி.

கேள்வி (தஞ்சாவூர்): மாணவர் ஒருவர் உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வது?

பதில்: சிகிச்சை என் துறையன்று, கல்லூரியின் உளவள ஆலோசகரை உடனே அழையுங்கள். 14416 டெலி மானஸ், 104 ஆகிய எண்களிலும் உதவி கிடைக்கும். அந்த மாணவரைத் தனியே அனுப்பாமல் இணை ஆசிரியர்களில் ஒருவர் உடன் செல்ல வேண்டும். மற்றவர் வகுப்பைத் தொடர வேண்டும். யார் போவது என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): பணிச்சுமையில் ஒருவருக்குத்தான் மணி நேரம் கணக்காகிறது. அதனால் வாரம் விட்டு வாரம்…

பதில்: வாரம் விட்டு வாரம் வேண்டாம் என்பதை மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். பணிச்சுமை பற்றிய உங்கள் குறை மட்டும் உண்மையானது. அதை நிர்வாகம்தான் தீர்க்க வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே முதல்வரைப் பார்த்து, கால அட்டவணையில் ஒரே கட்டத்தில் இருவர் பெயரையும் எழுதச் சொல்லி, இருவருக்கும் முழு மணி நேரம் கேளுங்கள். திட்டமிடுவதற்கும் வாரத்துக்கு ஒரு பீரியட் சேர்த்துக் கேளுங்கள்.