டீச்சரிடம் கேளுங்கள்: நாற்காலி அடுக்கிய பையன்

டீச்சர், என் மகனுக்கு 22 வயது. திடப்படுத்தல் ஆராதனை முடிந்து இரண்டு வருஷம் ஒழுங்காகக் கோயிலுக்கு (சர்ச்சுக்கு) வந்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை போர்வைக்குள் கிடக்கிறான். திட்டினால், 'அங்கே எனக்கு என்ன இருக்கு?' என்று கேட்கிறான். பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபையில் இதே வயதுப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். செல்போன்தான் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறதா?
— ஒரு தகப்பன், பாறசாலை

செல்போனை விடுங்கள். 1987, 88ல் ஞாயிறு காலை தூர்தர்ஷனில் தொடர் ஓடியபோது எங்கள் கோயிலில் பின்பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அப்போது டிவியைத் திட்டினோம். அதற்கு முந்தின தலைமுறை சினிமாக் கொட்டகையைத் திட்டியது. திட்டுவதற்கு ஒன்று எப்போதும் கிடைக்கும்.

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. என் பாட்டி அதைக் கேட்டிருக்க மாட்டாள், ஏனென்றால் அவளுக்குப் பதில் கண் முன்னால் இருந்தது. ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1806ல் மயிலாடிக்கு வந்தார். கோயில் வந்த கையோடு பள்ளிக்கூடமும் வந்தது. 1838ல் நெய்யூரில் ஆஸ்பத்திரி. மேலாடை போட்டால் அடிவிழுந்த பெண்களுக்கு, பல வருஷச் சண்டைக்குப் பிறகு, 1859ல் அந்த உரிமை கிடைத்தது. என் பாட்டி மிஷன் பெண்களிடம் ரேந்தை (லேஸ்) பின்னக் கற்று, அந்தக் காசில் என் அம்மாவைப் படிக்க வைத்தவள். எழுத்து, துணி, மருந்து, கூலி எல்லாம் ஒரே வாசல் வழியாக வந்த காலம். அவள் பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்தியால் மட்டும் கோயில் நிறைந்தது என்று நாம் பிள்ளைகளிடம் அளப்பது கொஞ்சம் கூடுதல்.

இன்று உங்கள் மகனுக்குப் படிப்பு ஓரிடம், வேலை ஓரிடம், ஆஸ்பத்திரி ஓரிடம். கோயிலில் மிச்சம் இருப்பது ஆராதனையும் ஆட்களும்தான். ஆராதனையாவது அவனுக்குப் புரிகிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா? 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லையைப் பிரித்தபோது விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் இந்தத் தமிழ்ப் பக்கம் வந்தன, உங்கள் பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை அந்தக் கேரளப் பக்கம் நின்றது. 1959ல் நம் சபைகளின் பேராயமும் (டயோசிஸ்) கன்னியாகுமரி, தென் கேரளம் என்று இரண்டானது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைகள் நம் எல்லை முழுக்க இருக்கிறார்கள். எங்கள் பாட்டுக் குழுவில் இஞ்சிவிளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் நோட்டை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். கீர்த்தனைகள் முழுக்க மலையாள எழுத்தில். 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லுக்கு மேல் சின்னதாக ஒரு கேள்விக்குறி. ஏழு வருஷம் பாடியிருக்கிறாள், அந்தக் கேள்விக்குறியை யாரிடமும் கேட்கவில்லை. நானும் ஏழு வருஷம் அவளுக்கு ஹார்மோனியத்தில் சுருதி கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, ஆட்களுக்கு வருவோம். இங்கே நான் என் தப்பைச் சொல்லியாக வேண்டும்.

பல வருஷத்துக்கு முன்னால் நான் சபைப் பொருளாளர். அறுப்பின் பண்டிகை, விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவரும் நாள். கோயில் முற்றத்தில் ஏத்தன் குலை, மரச்சீனி, சேனை, சக்கை, கால் கட்டிய சேவல் எல்லாம் குவிந்து கிடக்கிறது. ஏலம் நடக்கிறது. எங்கள் ஏலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாட்டுக்கோழி முட்டை ஐந்நூறுக்குப் போகும், வாங்கியவர் அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுப்பார், அது இன்னொரு ஐந்நூறுக்குப் போகும். பதினேழு வயதுப் பையன் ஒருவன், கணக்கில் கெட்டிக்காரன், மாமரத்தடியில் நின்று ஒவ்வொரு விலையையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டிருந்தான். அந்த ஒரே முட்டை நாலு தரம் விலை போனதைக் கூட நாலு வரியாக எழுதியிருந்தான். சாயங்காலம் என்னிடம் வந்தான். "டீச்சர், என் கணக்குல இவ்வளவு வருது. நீங்க வாசிச்ச தொகை குறையுதே. போன வருஷக் கணக்கும் நோட்டீஸ் போர்டுல ஒட்டலையே?"

திருட்டு ஒன்றும் நடக்கவில்லை. சிலர் ஏலத்தில் கேட்ட தொகையை அடுத்த வாரம் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். அதை அரை நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். கமிட்டி ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு சின்னப் பையன் என்னைக் கணக்குக் கேட்கிறான் என்ற எரிச்சல் எனக்கு. "மக்களே, நீ போய் அந்த நாற்காலிகளை அடுக்கு" என்றேன். அடுக்கினான். இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, பத்துப் பத்தாக. அடுக்கிவிட்டு அந்தத் துண்டுத்தாளை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு வந்தான். அதற்கடுத்து வரவில்லை.

போன வருஷம் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். கொச்சியில் வேலை. நான் அதை எடுத்துச் சொன்னதும் சிரித்துவிட்டான். "அதெல்லாமா டீச்சர் இன்னும் நினைச்சிட்டு இருக்கீங்க? எனக்கு மறந்தே போச்சு. கொச்சி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்க நேரம்." நான் வருஷக்கணக்காகச் சுமந்த கதையில் பாதியைத் துணி துவைப்பு கொண்டுபோய்விட்டது. அதனால் ஒரே காரணம் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் கொச்சிக்குப் போன பிறகும் அவன் ஒரு கோயிலைத் தேடிப் போயிருப்பானா என்றால், தேடிப் போவதற்கு இங்கே நாங்கள் எதையும் அவன் கையில் கொடுத்து அனுப்பவில்லை.

பெந்தெகொஸ்தே சபையைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே நாற்பது பேர். ஒருவன் டிரம்ஸ் வாசிக்கிறான், ஒருத்தி கீபோர்டு. ஒரு ஞாயிறு வராவிட்டால் திங்கட்கிழமை வீட்டுக்கு ஆள் வரும். நம் சபையில் முந்நூறு குடும்பம். பையன் மூன்று மாதம் வராததைச் சந்தா நோட்டில் பாக்கி விழும்போதுதான் கவனிக்கிறோம். அவர்களிடமும் பிள்ளைகள் நழுவுகிறார்கள், அந்தத் தாய்மார்களும் எனக்கு எழுதுகிறார்கள். ஆனால் யார் நழுவினது என்று அவர்களுக்கு உடனே தெரிகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஞாயிறு காலை போர்வையை இழுக்காதீர்கள். வேறொரு நாள், ஸ்கூட்டரில் போகும்போதோ சாயா குடிக்கும்போதோ, "அங்கே என்ன இருந்தா நல்லா இருக்கும்னு நினைக்க?" என்று கேளுங்கள். பத்து நிமிஷம் பதில் பேசாமல் இருங்கள். உங்களால் முடியாது என்று தெரியும், முயற்சி பண்ணுங்கள். அப்புறம் உங்கள் கமிட்டியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பையன்களை நாற்காலி தூக்கவும் கேரல் ரவுண்டில் வயிற்றில் தலையணை கட்டிய கிறிஸ்மஸ் தாத்தாவாக நடிக்கவும் மட்டும் கூப்பிடாமல், இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக் கணக்கை எழுதக் கூப்பிடட்டும்.

டீச்சர், நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். வேதாகமத்தில் சில விஷயங்களில் எனக்குச் சந்தேகம். வாலிபர் கூட்டத்தில் கேட்டேன். 'சந்தேகம் பிசாசின் விதை' என்று ஜெபம் பண்ணிவிட்டார்கள். இனி போகவே பிடிக்கவில்லை. சந்தேகப்படுவது பாவமா?
— ஒரு மாணவி, மார்த்தாண்டம்

உங்கள் ஊரிலிருந்து தக்கலைப் பக்கம் போனால் திருவிதாங்கோட்டில் அரைப்பள்ளி இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? கருங்கல் கட்டடம், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். தோமா அப்போஸ்தலரே கட்டியது என்று பாரம்பரியம். கேரளத்திலும் நம் பக்கத்திலும் கிறிஸ்தவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது யாரை? பன்னிரண்டு பேரில் சந்தேகப்பட்ட அந்த மனுஷனைத்தான்.

யோவான் 20ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசி. காயத்தில் விரலை விடாமல் நம்பமாட்டேன் என்று தோமா சொன்னார். எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது தோமா எங்கே இருந்தார்? மற்றவர்களோடு அதே வீட்டுக்குள். அந்த எட்டு நாளும் மற்ற பத்துப் பேரும் அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. உன் வாலிபர் கூட்டத்துக்கு அந்த எட்டு நாள் பொறுமை இல்லை. அது உன் தப்பு இல்லை, மக்களே. கேள்விகளை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. தெரிந்ததற்குப் பதில் எழுதுகிறேன். எனக்கும் இரண்டு மூன்று கேள்வி பாக்கி இருக்கிறது, அதையும் எழுதுகிறேன்.

ஆராதனையை 45 நிமிஷமாகச் சுருக்கினால் இளைஞர்கள் வருவார்களா?
— ஒரு கமிட்டி உறுப்பினர், குழித்துறை

இதே பிள்ளைகள் மூன்று மணி நேரம் கிரிக்கெட் பார்க்கிறார்கள், சார். நிமிஷத்தைக் குறைப்பதற்கு முன்னால், அறிவிப்புகளைக் குறையுங்கள். நன்கொடை கொடுத்தவர் பட்டியலை முழுதாக வாசிக்கும்போது நானே கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் கோயிலுக்குப் போகிறார்களா?
— பெயர் போடவில்லை, முத்திரையில் நெய்யாற்றின்கரை

மகள் திருவனந்தபுரத்தில் ஒழுங்காகப் போகிறாள். மகன் பெங்களூரில் போவதில்லை. கிறிஸ்மஸுக்கு வருவான், புதுவருஷ ராத்திரி ஆராதனைக்கு என்னைப் பைக்கில் கொண்டுவிட்டு வாசலிலேயே நிற்பான்.

போன டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை யாருக்கும் ஸ்டார்ட் பண்ணத் தெரியவில்லை. போதகர் டார்ச் வெளிச்சத்தில் வாசிக்கிறார். அப்போது பின்பக்கம் சத்தம் கேட்டு லைட் வந்தது. திரும்பிப் பார்த்தால் என் மகன், கையெல்லாம் எண்ணெய், சுவிட்ச்போர்டு பக்கத்தில் சாய்ந்து நிற்கிறான். பன்னிரண்டு மணிக்கு வாக்குத்தத்த வசன அட்டை கொடுத்தார்கள். வரிசையில் வந்து ஒன்று எடுத்தான். என்ன வசனம் என்று நான் கேட்கவில்லை, அவனும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து பழைய சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம்.