வாப்பாவை எரித்துவிட்டார்கள்: இனி வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி: 2021 ஜனவரியில் கொழும்பு மருத்துவமனையொன்றில் என் வாப்பா இறந்தார். கொரோனா என்றார்கள். நாங்கள் கையெழுத்திட மறுத்தும் எரித்துவிட்டார்கள். பெட்டிக்குக் கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டு மட்டும் கையில் இருக்கிறது. அரசே மன்னிப்புக் கேட்ட பிறகு, நீதிமன்றம் போகலாமா?

பதில்: சகோதரி, உங்கள் குடும்பத்துக்கு நடந்தது அநீதி. நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அன்றே சொல்லியிருந்தது. ஆனாலும் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொரோனாவால் இறந்தோரைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி 25 வரை அது மாறவில்லை. பொதுச் சுகாதாரத்துக்காக மத அனுட்டானத்தைச் சட்டத்தால் மட்டுப்படுத்த அரசியலமைப்பின் 15(7) இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றவர்கள் அதற்கு ஆதாரம் காட்டவில்லை. அப்படியிருந்தும் உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1 அன்று, கட்டாயத் தகனத்தை எதிர்த்த மனுக்களை, காரணம் கூறாமலேயே, தள்ளுபடி செய்தது. சட்டத்தரணியாக எனக்கு இன்றும் ஆறாத நாள் அது.

இப்போது கசப்பான செய்தி. அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை கேட்ட மன்னிப்பு அந்தக் காலக்கெடுவைப் புதிதாகத் தொடக்கிவைக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒரு வாசல் மிச்சமிருக்கலாம். தகனம் நடந்த ஒரு மாதத்துக்குள் உங்கள் வீட்டார் யாராவது மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டார்களா? முறையிட்டிருந்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது; விசாரணை நடந்தது, இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டும் ஆணைக்குழுவின் கடிதமும் வேண்டும். உங்கள் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகம் ஏதும் எழுதியதா என்றும் விசாரியுங்கள்.

முறையிடவே இல்லையென்றாலும் ஆவணங்களைக் கைவிடாதீர்கள். தகனத்துக்கு உத்தரவிட்டவர் யார், எந்த நேரம், எந்த மயானம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். மருத்துவப் பதிவு என்று கூறி மறுக்கக்கூடும். ஆகவே பரிசோதனை அறிக்கையைத் தனி விண்ணப்பமாகக் கேளுங்கள். அந்தப் பற்றுச்சீட்டை இன்றே பிரதி எடுங்கள், எழுத்து மங்கிவிடும்.

நட்டஈடு என்று யாராவது தாளை நீட்டினால், ‘இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம்.