மணி அடிக்கக் கற்ற நாய் ஓயாமல் அடிப்பது ஏன்?

வெளியே போகக் கதவு மணியை மூக்கால் தட்டும்படி உங்கள் பாப்பியோன் இன நாய்க்குக் கற்றுக்கொடுத்தீர்கள். இப்போது நாளெல்லாம் அடிக்கிறது, ஏன் என்று கேட்கிறீர்கள். அது கற்றது 'சிறுநீர் வந்தால் மணி' அல்ல, 'மணி அடித்தால் ஆள் எழுந்து வருவார்' என்பதுதான். பலன் தந்த செயல் திரும்பத் திரும்ப வரும் என்று அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் 1898-லேயே பூனைகளைக் கூண்டில் அடைத்துக் காட்டிவிட்டார்.

மணி அடித்தால் வாரைக் கட்டி, வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் இடத்துக்கே கூட்டிப்போங்கள். கொஞ்சல், விளையாட்டு கூடாது. ஒன்றும் நடக்காவிட்டால் சில நிமிடங்களில் திரும்பிவிடுங்கள். முதலில் இன்னும் ஆவேசமாக அடிக்கும். மனமிரங்கி ஒருமுறை பந்தை எடுத்தீர்களோ, பிடிவாதத்துக்கும் பரிசு உண்டு என்று கண்டுகொள்ளும். என் பூடிலுக்குக் 'கை கொடு' கற்பித்த பாவத்துக்கு, சாப்பிட உட்கார்ந்தாலே முழங்காலில் நகக்கீறல்.